எடுத்துக் கொடுக்காத பள்ளிக்கூடம்

பள்ளி வாகனம் ஓட்டும் இளைஞர்கள் சிலர், மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, தேநீர்க் கடையில் இருக்கும் என்னிடம் வந்து சற்று நேரம் பேசிச் செல்வது வழக்கம். வண்டிகளில் இப்போது கேமரா பொருத்திவிட்டார்கள். வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பதைப் பெற்றோர் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். வண்டிக்குள் ஓட்டுநர் என்று ஒருவர் இருப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை என்பது இவர்களின் குறை. அது பழைய குறை என்று நான் சொல்வேன்.

அவர்களுள் ஒருவன் அண்மையில் கேட்டான்.

"மாமா, காலம் பூரா நீங்க ஓட்டுனது இங்கிலீஷ் மீடியம் வண்டி. ஒங்க பிள்ளைகளுக்கு அங்கன ஃபீஸே கெடையாதுன்னாக. அப்பறம் எதுக்கு மாமா, ஊருக்குள்ள இருந்த அந்தப் பொட்டுப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேத்தீக? அல்வாக் கடையில வேல பாத்துக்கிட்டு வீட்டுக்குக் கடலமுட்டாய் வாங்கிட்டுப் போன கதையால்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து எழுந்து வந்தேன். ஒரு குவளைத் தேநீர் தீரும் நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது. ஆகவே எழுதுகிறேன். நான் பணிபுரிந்த பள்ளியின் பெயரையும் என் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறது. அந்த ஊரில் நான் இன்னும் குடியிருக்கிறேன். ஓடைப்பட்டிப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு திராட்சைக்காட்டு ஊர் என்பது மட்டும் போதும்.

என் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. பின்னர் திராட்சை ஏற்றும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, குமுளி மலைப்பாதையில் கியர் மாற்றக் கற்று, உரிமம் பெற்று, கோட்டயம், எர்ணாகுளம் என்று சில ஆண்டுகள் சரக்கு ஓட்டினேன். சண்டை போடும் அளவுக்கு மலையாளமும் வந்தது. மூத்தவன் பிறந்தபின், நாள் கணக்கில் சாலையில் கிடக்கும் தொழில் வேண்டாம் என்று முடிவு செய்து பள்ளி வாகனத்துக்கு வந்தேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே அமர்ந்து கிளை நூலகத்துப் புத்தகங்களைப் படிப்பேன். இன்று நாலு வரி எழுத முடிகிறதென்றால் அது அந்த இருக்கை தந்த கல்வி.

பள்ளி வாகனம் ஓட்டுவது லாரி ஓட்டுவது போன்றதன்று. காலையில் சாவியைப் போடுமுன் வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து அடியிலும் பார்க்க வேண்டும். கிராமத்தில் வண்டியின் நிழலில் எது படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளை ஏறியதும் கதவைச் சாத்தினால் போதாது. அது உட்கார்ந்துவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே கிளட்சிலிருந்து காலை எடுக்க வேண்டும். இறக்கிவிட்ட பிள்ளை வண்டிக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரியாமல் சக்கரம் நகரக் கூடாது. தலைகளை எண்ணினால் தவறு வரும்; பெயர்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து, ஆள் மாறியிருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். இவை எதையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயம் சொல்லித் தந்தது.

எங்கள் தாளாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திராட்சையிலும் ஏலக்காயிலும் பொருள் சேர்த்து, பின் பள்ளி கட்டியவர். குரலை உயர்த்த மாட்டார். ஒருவரையும் 'நீ' என்று அழைக்க மாட்டார். ஆனால் எதிரில் நிற்பவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க விடவும் மாட்டார். தாமே முடித்துக் கொடுப்பார்.

"ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை…" என்று நான் தொடங்குவேன்.

"லீவு வேணும். பிள்ளைக்குக் காதுகுத்து. எடுத்துக்கங்க. மாத்து டிரைவர மட்டும் நீங்களே பாத்து விட்டுருங்க" என்று முடித்துவிடுவார்.

"நம்ம மனசுல கெடக்குறத ஐயா அப்பிடியே சொல்லீருவாக" என்று பணியாளர்கள் வியப்பார்கள். ஒருமுறை ஆசிரியை ஒருவர் அறைக்குள் சென்று, "சார், நான் வந்து…" என்றாராம். "வேற ஸ்கூல்ல கூப்புடுறாங்க. சந்தோசம், போய்ட்டு வாங்க" என்று தாளாளர் வாழ்த்தி அனுப்பிவிட்டார். அந்த ஆசிரியை சொல்ல வந்தது, வகுப்பறையில் மின்விசிறி ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை. அந்த வாரமே அவர் வேறு பள்ளிக்குப் போனார். மின்விசிறி ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ஊருக்குள் இருந்த தொடக்கப் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தேன். அவளுக்குப் பேச்சு திக்கும். சொல்லின் முதல் எழுத்திலேயே நா சிக்கிக்கொள்ளும். அவளைச் சேர்க்கும் வயது வந்தபோது என் மனைவி பேச்சியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"மூத்தவன் எப்பிடியோ படிச்சுட்டான், சரி. இவளுக்கு வாய் திக்குதுல்ல? நல்ல ஸ்கூல்ல போட்டா சரியாயிரும்ல? சும்மா குடுக்குறத வேணாங்குறது என்ன கவுரவம்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே இரண்டு இடங்களுக்கும் மகளை அழைத்துச் சென்றேன்.

முதலில் நான் வேலை பார்த்த பள்ளி. சேர்க்கைப் பிரிவில் இருந்த ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார். "உன் பேரு என்னம்மா?"

"தே… தே…"

"தேவியா?"

அவள் தலையை ஆட்டினாள். "தே… தே…"

"தேவகி? தேவிகா? சொல்லுங்க அண்ணே, பின்னாடி ஆளு நிக்குது."

நான் சொன்னேன். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய பெயரை அவளிடமிருந்து நான் பிடுங்கிக் கொடுத்தது போல இருந்தது அந்தப் பார்வை.

மறுநாள் ஊர்ப் பள்ளி. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு புங்கமரம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். தலைமை ஆசிரியை பெரியகுளத்திலிருந்து பேருந்து மாறி வருகிறவர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"தே… தே…"

ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயெடுத்தேன். என் பக்கம் திரும்பாமலேயே ஒரு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். வகுப்பிலிருந்த பிள்ளைகளும் காத்திருந்தார்கள். ஒரு பையன் முழங்காலைச் சொறிந்துகொண்டான். தாழ்வாரத்தில் ஓர் ஆடு ஏறிவந்து, ஒன்றும் கிடைக்காமல் இறங்கிப் போயிற்று.

"தே… தேன்மொழி."

"நல்ல பேரு. ஒம் பேரு, நீயே சொல்லிட்ட பாரு. போய் அங்கன உக்காரு."

என் மகளை அந்தப் பள்ளியில் ஏன் சேர்த்தேன் என்று கேட்ட இளைஞனுக்கு இதுதான் பதில். இதற்குமேல் வேறு காரணம் இல்லை. இதற்குமேல் எழுதுவதெல்லாம் அந்தப் பதிலுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிக்கு வரும் வழியில் எதைப் பார்த்தாய் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தினமும் காலையில் எழுந்து நின்று ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "பாத்தது அவ. அவதான் சொல்லணும். ஒனக்கு என்ன அவசரம், மழையா வருது?" என்பார் ஆசிரியை. ஒரு கீரிப்பிள்ளையைப் பார்த்ததைச் சொல்லி முடிக்க என் மகளுக்கு வெகு நேரம் ஆகுமாம். முடித்ததும், "எங்கன பாத்த? வாலு எம்புட்டு நீளம்?" என்று வகுப்பே கேட்குமாம். வீட்டுக்கு வந்து அதையும் திக்கித் திக்கிச் சொல்வாள். பேச்சியம்மாளும் காத்திருக்கப் பழகிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புக்கு வரும்போது, திக்கல் போய்விடவில்லை என்றாலும், திக்குவதற்கு அவள் அஞ்சுவது போய்விட்டது.

இந்த இடத்தில் என் வண்டி வருகிறது. எங்கள் ஊரில் வேன் திரும்புவதற்கு ஏற்ற அகலம் பள்ளிக்கூட வாசலில் மட்டுமே உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு மெட்டு ஒலிக்கும். காலையில் அந்த மெட்டு கேட்டதும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் சன்னலுக்கு ஓடிவிடுவார்கள். மஞ்சள் வண்டியையும், அதற்குள் டை கட்டி உட்கார்ந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள்.

தலைமை ஆசிரியை ஒருநாள் என்னை நிறுத்தினார். "தம்பி, அந்தப் பாட்டு கேட்டா எம் பிள்ளைகளுக்குப் பாடம் அத்தோட போச்சு. வேற எங்கனயாவது திருப்ப முடியுமா?"

ஊருக்கு வெளியே இருந்த களத்துமேடுவரை ஓட்டிச் சென்று அங்கே திருப்பத் தொடங்கினேன். சில நாட்களில் தாளாளர் அழைத்தார்.

"ஐயா, அங்கன பிள்ளைக…"

"பாடம் கெடுது. டீச்சர் கேட்டாங்க. நீங்க நல்ல மனசுக்காரர், ஒத்துக்கிட்டீங்க." புன்னகைத்தார். "ஆனா வண்டி அந்த வாசல்லதான் திரும்பணும். நமக்கு அதைவிட நல்ல போஸ்டர் வேற ஏது?"

மறுபடியும் பள்ளி வாசலில் திருப்பினேன். மெட்டு ஒலிக்கும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். பயனில்லை. வண்டி பின்னால் நகரும்போது, சன்னலில் நின்ற பிள்ளைகள் அந்த மெட்டைத் தாங்களே பாடினார்கள்.

அன்றே தாளாளர் இன்னொன்றும் சொன்னார். "ஒங்க பொண்ணு அந்த ஸ்கூல்ல படிக்குதாம்ல. ஸ்டாஃப் பிள்ளை வெளிய படிச்சா ஊர் என்ன சொல்லும்?"

"ஐயா, அவளுக்குப் பேச்சு…"

"திக்கும். தெரியும். ஆனுவல் டே மேடையில ரெண்டு தடவ ஏத்துனா சரியாயிரும்."

"இல்லைங்கய்யா. அவ அங்கனயே படிக்கட்டும்" என்றேன்.

அவர் முடித்துக் கொடுக்காத என் முதல் வாக்கியம் அது. சரி, போகலாம் என்பது போலக் கையை அசைத்தார்.

அடுத்து வந்த மே மாதம், பிள்ளை சேர்க்கைக்காக எங்கள் ஊர் மந்தைத் திடலில் ஒரு கூட்டம் போட்டார்கள். தாளாளரே வந்திருந்தார். ஊர்ப் பள்ளியில் மிச்சமிருந்த பிள்ளைகளை எடுத்துவிட்டால் வண்டி நிறையும் என்பது அவர் எண்ணம். எடுத்துவிட்டால் பள்ளி மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மகளுக்கு இன்னும் இரண்டு வகுப்புகள் அங்கே படித்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பழம் தரமாக இருந்தால் வியாபாரி லாரியோடு தோட்டத்துக்கே வருவான். நின்று, பார்த்து, நல்ல குலைகளை வெட்டி எடுப்பான். அவன் ஒதுக்கிவிட்டுப் போவது கழிவு. அதைத் தோட்டக்காரன்தான் சுமந்துகொண்டு கமிஷன் கடை கடையாக அலைய வேண்டும். வாழ்நாள் முழுவதும் பழத்தை இப்படி விற்றவர்கள், பள்ளிக்கூடத்தையும் இதே கணக்கில்தான் பார்த்தார்கள். தேடி வருகிறவன் பெரியவன். அவன் எடுத்துக்கொண்டால் நம் சரக்கு உயர்ந்தது.

கூட்டத்தில் சீனியப்பன் எழுந்தார். அவர் எனக்கு மாமன் முறை. ஊரில் பெரிய திராட்சைப் பந்தல் அவருடையது.

"எல்லாம் சரிங்கய்யா. நான் ஒரு கேள்வி கேக்கணும், ஒங்ககிட்ட இல்ல. ஏ மாப்ள! நீ அந்த ஸ்கூல்ல சம்பளம் வாங்குறவன். ஒம் மகள எங்கன போட்டிருக்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீக? இங்கனதான் மாமா. நம்ம பள்ளிக்கூடத்துல" என்றேன்.

கூட்டம் சலசலத்தது. "அப்ப என்னத்துக்கு நம்ம பிள்ளைகள மட்டும் கூப்புடுறாக?" என்று ஒரு பெண் கேட்டாள். கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்த தாளாளரின் விரல் நின்றது. அந்தக் கணத்தில், பள்ளி பிழைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

சீனியப்பன் இரு கைகளையும் உயர்த்தினார்.

"ஏ, இருங்கப்பா! இதுகூடவா வெளங்கல? வியாபாரி வந்தா பந்தல்ல தொங்குற அம்புட்டையுமா வெட்டிக்கிட்டுப் போறான்? நல்ல கொலையா பாத்து வெட்டுவான், கழிவ விட்டுட்டுப் போவான். மாப்ள மகளுக்கு வாய் திக்கும். அவக எடுத்திருக்க மாட்டாக. சொந்த டிரைவர் மகளையே கழிச்சு விட்டிருக்காகன்னா பாத்துக்கங்க, எம்புட்டுத் தரம் பாக்குற ஸ்கூலுன்னு!"

"அட, ஆமால்ல!" என்றார்கள்.

"மாமா, அவக கழிக்கல. நாந்தான் சேக்கல!" என்று கத்தினேன்.

"விடு மாப்ள, மனசுல வச்சுக்கிறாத. பொம்பளப் பிள்ளைக்குப் பேச்சு கொறஞ்சா கட்டுறவனுக்கு நல்லதுதான்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். மந்தை முழுவதும் சிரித்தது.

நான் தாளாளரைப் பார்த்தேன். யாருடைய பேச்சையும் முடிக்க விடாதவர், சீனியப்பனை முழுமையாகப் பேசவிட்டார். 'இல்லை, நான் இடம் கொடுத்தேன், அவர்தான் மறுத்தார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிகாரத்தை மறுபடி திருகத் தொடங்கினார்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. பேச்சியம்மாள் அடுப்பைவிட்டு எழவில்லை.

"எம் பிள்ள கழிவாம்ல. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையா நீங்க?"

"சொன்னேன்."

"முழுசாச் சொன்னீகளா?"



ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என் வண்டியில் ஏறினார்கள். நான் பெயர் பெயராக எண்ணி ஏற்றினேன். என்னால்தான் பள்ளி காலியாயிற்று என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஊர் தன் கணக்கின்படி செய்தது. தாளாளர் தம் கணக்கின்படி செய்தார். வண்டியை நான் ஓட்டாவிட்டால் வேறொருவர் ஓட்டியிருப்பார். என் பங்குக்கு நான் செய்தது, என் மகளை அங்கேயே விட்டுவைத்தது. அதையும் அவர்கள் தங்கள் விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

பள்ளியில் என் மகளும், திராட்சைக் கொடி நறுக்கும் கவாத்து வேலைக்கு வந்து குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களின் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். வேலை முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் ஏலக்காட்டு வேலைக்கு மலையேறிப் போயின. பிறகு அதிகாரி ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே தலை எண்ணினார்.

"சார், ஒரு நிமிசம். இந்தப் பிள்ளையோட வெவரத்த மட்டும் கேட்டுட்டு…" என்றார் தலைமை ஆசிரியை.

"எல்லாப் பள்ளியிலயும் ஒரு பிள்ளையோட வெவரம் இருக்கும்மா" என்றார் அவர். தவறாகப் பேசவில்லை. அவருக்கு அன்று இன்னும் பல பள்ளிகள் பார்க்க வேண்டியிருந்தது.

பள்ளி, நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்பட்டது. கடைசி நாளன்று தலைமை ஆசிரியை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தாலும் சரி, அந்த டீச்சர்கிட்ட சொல்லீருங்க. இவ பேசுறப்ப யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. மத்தத அவளே பாத்துக்குவா."

சரக்கு லாரிகள் பறக்கும் சாலையைக் கடந்து அவளைத் தனியாக நடக்க அனுப்ப முடியவில்லை. தாளாளர் அறைக்குச் சென்றேன்.

"ஐயா, எம் பொண்ண…"

"சேத்துக்கலாம். நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

நான்காம் வகுப்பு ஆசிரியை இளம்பெண், களைத்துப்போனவர். தலைமை ஆசிரியை சொல்லியனுப்பியதை அவரிடம் சொன்னேன். "அண்ணே, கிளாஸ் நெறையப் பிள்ளைக. ஒருத்திக்கு நின்னா பீரியடே போயிரும்" என்றார். வருகைப் பதிவின்போது 'பிரசன்ட் மிஸ்' என்று சொல்ல என் மகள் தவிப்பதைப் பார்த்து, "நீ சொல்ல வேணாம்மா, கையத் தூக்கு, போதும்" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டார். என் மகள் கையைத் தூக்கினாள். பிறகு எல்லாவற்றுக்கும் கையைத்தான் தூக்கினாள். வண்டியில் என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்பேன். சன்னல் பக்கம் விரலை நீட்டுவாள்.

தாளாளர் வாக்குத் தவறவில்லை. ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றினார்கள். மரமாக.

இவையெல்லாம் நடந்து வெகுகாலம் ஆயிற்று. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தேன்மொழி பட்டம் படித்து, தேனியில் ஒரு கடையில் கணினியில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. திருமணமாகி ஒரு மகன் இருக்கிறான். ஊர்ப் பள்ளியின் பூட்டு துருவேறி நிற்கிறது. புங்கமரத்தடியில் பந்தலுக்கான கல்தூண்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஜூன் மாதம் எங்கள் ஊருக்குள் வேன் வருவது நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவர்களில் பலரும் நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சமிருக்கும் சில பிள்ளைகளில் சீனியப்பனின் பேத்தியும் ஒருத்தி. அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. ஒனக்கு மரியாத இருக்கும்."

எனக்கு இருக்கும் மரியாதையைப் பார்க்கும் ஆவலில் நானும் உடன் சென்றேன். தாளாளர் முதுமையடைந்துவிட்டார், பழக்கம் மட்டும் இளமையாகவே இருந்தது.

"ஐயா, எங்க ஊருக்கு வேனு…" என்று தொடங்கினார் சீனியப்பன்.

"நிறுத்திட்டோம். நாலஞ்சு பிள்ளைகளுக்காக உள்ள வந்து திரும்புனா டீசல் கட்டாது. மெயின் ரோட்டுக்கு வந்தா ஏத்திக்குவோம்."

"ஐயா, சின்னப் பிள்ளைக, ரோட்டுல…"

"சீனியப்பன், நீங்க ஊருக்கே சொன்னதுதான? பந்தல்ல நாலு கொலை கெடந்தா எந்த வியாபாரி லாரிய உள்ள விடுவான்? நாமதான் சொமந்துக்கிட்டு வரணும்."

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் சீனியப்பன் தரையைப் பார்த்தபடியே வந்தார். அந்தக் கூட்டத்தை அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று எண்ணினேன். என்றோ ஒருநாள் இது நிகழும் என்று காத்திருந்தவன் நான்.

"என்ன மாப்ள," என்றார் கடைசியில், "அவக சொல்றதும் நியாயமாத்தான படுது?"

சென்ற வாரம் தேன்மொழி வந்திருந்தாள். என் பேரனுக்குப் பள்ளியில் சேர்க்கும் வயது. அவனுக்கும் முதல் எழுத்தில் நா சிக்குகிறது. அவன் தூங்கிய பிற்பாடு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று தெரிந்தது. கையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"அப்பா, இவன… இவன… எ… எ…"

பேச்சியம்மாள் வாயெடுத்தாள். நான் ஒரு விரலை உயர்த்தினேன். அவள் நிறுத்திக்கொண்டாள். மூவரும் இருந்தோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரி மேடேறிப் போகும் ஓசை வந்து தேய்ந்தது.

"எ… எங்கனப்பா சேக்கலாம்?"

முழு வாக்கியம். அவள் முடித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். தேனி, சின்னமனூர் என்று எனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம், நான் வண்டி திருப்பிய வாசல்களையெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.